ஈர வேட்டிப் போராட்டம்

"ஒண்ணு, வாய்க்கால் தண்ணிய நிறுத்துனாங்க. ரெண்டு, ஊருக்கு வந்த பஸ்ஸை நிறுத்துனாங்க. மூணு, ரேஷன் கடைப் பலகையில தமிழை அழிச்சாங்க. நாலு, இன்னைக்கு நம்ம தலைவர் மேல ஒரு வாளித் தண்ணிய ஊத்திட்டாங்க!"

கேரளத்துப் பாலக்காட்டில் ஒரு ஸ்கேன் சென்டர் வாசலில் விவசாயிகள் சங்கச் செயலாளர் பிச்சைமணி முழங்கினார். எதிரே, எல்லையோரத் தமிழ்க் கிராமமான எருத்தேன்பதியிலிருந்து ஜீப்பில் வந்த கூட்டம். தலைவர் ரத்தினசாமி ஸ்கேன் எடுக்கப் போனாலும் கூட்டத்தோடுதான் போவார்.

சொட்டச் சொட்ட நின்ற ரத்தினசாமி கையைத் தூக்கினார்.

"செத்த பொறுங்க."

உள்ளே கழிப்பறைக்கு ஓடினார். கிட்னி ஸ்கேனுக்காக நீர் பிரியப் போட்ட ஊசி இன்னும் அடங்கவில்லை. அவர் திரும்பும்வரை கோஷம் பாதியில் நின்றது.

மேனேஜர் கோபிநாத் நர்ஸைப் பார்த்தார்.

"ஜோமோளே, நீயா ஊற்றினாய்?"

"ஆமா சாரே. கை தவறிப் போச்சு."

"தலைவர் தரையில கெடந்தாரே, அது?" என்றார் பிச்சைமணி.

"அந்த ஊசிக்குத் தலை சுத்தும். உடனே எழுந்திரிக்காதீங்க, என்னைக் கூப்பிடுங்கன்னு சொன்னேன்."

"முப்பது வருசமா சமரம், போராட்டம்னு நிக்கறவரு! எந்திரிக்க உங்கிட்டப் பர்மிசன் கேக்கோணுமா?"

கூட்டம் கைதட்டியது. ரத்தினசாமி மறுபடி ஓடினார்.

"இவளை வேலைய விட்டு எடுக்கற வரைக்கும் நாங்க நகர மாட்டமுங்க!" என்றார் பிச்சைமணி.

கோபிநாத் கூட்டத்தைப் பார்த்தார். "சரி. ஜோமோள், நாளையிலிருந்து வர வேண்டாம்."

"சாரே, வீட்டில் என் சம்பளம் மட்டும்தான்..."

யாரும் கேட்கவில்லை. பிச்சைமணி கண்டனத் தீர்மானம் எழுதத் தொடங்கியிருந்தார். குற்றவாளியின் பெயரைச் சாட்சிகள் முன்னால் தலைவரே வாசிக்க வேண்டும். அப்போதுதான் தீர்மானம் செல்லும். சங்க வழக்கம் அது.

திரும்பி வந்த ரத்தினசாமியிடம் காகிதத்தை நீட்டினார். "வாசிங்கண்ணா."

ரத்தினசாமி ஜோமோளைப் பார்த்தார். வேண்டாம் என்பதுபோல் அவள் தலையசைத்தாள்.

அவர் காகிதத்தை மடித்துவிட்டு, மேடைக் குரலில் தொடங்கினார். "ஒழிக" சொல்லக் கூட்டம் தொண்டையைச் செருமியது.

"சொன்ன பேச்சைக் கேட்காமல் எழுந்து, தலைசுற்றி விழுந்து, நீங்கள் ஓடிவரும் சத்தம் கேட்டு இந்தப் பெண் தண்ணீரை ஊற்றி மறைப்பதற்கு முன்பே தன் வேட்டியைத் தானே நனைத்துக்கொண்டவர் பெயர், எருத்தேன்பதி ரத்தினசாமி!"