சத்தம் வராத கேமரா

“அந்தம்மா இன்னைக்கும் பொம்மையோட வந்திருக்காங்க” என்று மனைவி வந்து சொன்னதும் போட்டோகிராபருக்குச் சலிப்புத் தட்டியது.

வீட்டு முன்னறையில் அவர் போட்டோ எடுக்கத் தனிப்பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து ஆறு வருஷம். பறவை எடுக்க வருவார்கள், மலை எடுக்க வருவார்கள். ஐம்பதை நெருங்கும் இந்தம்மா மட்டும் ஏழு வாரமாக, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், ஒரு ரப்பர் பொம்மையைத் துண்டில் சுற்றி எடுத்து வருகிறாள்.

“பிள்ளை இல்லாத ஏக்கமா இருக்கும். சிடுசிடுன்னு விழாதீங்க” என்றாள் மனைவி.

அந்தம்மா ஜன்னலோரம் பொம்மையைப் படுக்கவைத்து, அதன் ஒரு கையை மட்டும் துண்டுக்கு வெளியே எடுத்து விட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய பழைய, சின்ன டிஜிட்டல் கேமரா.

“இன்னைக்கு வெளியே போவோம்மா. பூ, செடி ஏதாவது எடுத்துப் பழகுங்க.”

“இதுவே போதும் சார். உதடு கறுத்திருந்தா எப்படி எடுக்கறது?”

“பொம்மை உதடு எதுக்குக் கறுக்கப்போகுது?”

“கறுத்திருந்தா?”

“கறுப்பு வெள்ளையில எடுங்க. தெரியாது.”

நோட்டில் எழுதிக்கொண்டாள்.

“இந்த ‘க்ளிக்’ சத்தம் வராம பண்ண முடியுமா சார்?”

“ஏன், பொம்மை முழிச்சுக்குமா?”

அவள் சிரிக்கவில்லை. அவருக்குத்தான் பொறுமை போய்விட்டது.

“இதோ பாருங்கம்மா, பொம்மை விளையாட்டுக்கு எனக்கு நேரமில்லை. அடுத்த வாரத்துலேர்ந்து வராதீங்க.”

“சரி சார். இன்னைக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துடுங்க. நாளைக்கு எடுக்கணும்.”

“எதை?”

“நான் பிரசவ வார்டு நர்ஸ் சார். ஒரு பொண்ணுக்கு நாளைக்குக் காலையில வலி வர மருந்து கொடுக்கறாங்க. உள்ளே துடிப்பு நின்னு ரெண்டு நாளாச்சு. அவளுக்கும் தெரியும். நான் எடுக்கறப்ப அதே அறையிலதான் படுத்திருப்பா. சத்தம் கேட்கக் கூடாது.”

போட்டோகிராபர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

“இப்படிப் பிறக்கறதை அம்மாகிட்ட ஒரு நிமிஷம் காட்டுவோம். அப்புறம் வீட்டு ஆளுங்க வாங்கிட்டுப் போயிடுவாங்க. அவ்வளவுதான். ஒருத்தி மூணு மாசம் கழிச்சு வார்டு வாசல்ல வந்து நின்னா. ‘சிஸ்டர், என் குழந்தை முகம் எனக்கு மறந்துபோச்சு. நீங்க பார்த்தீங்கல்ல, எப்படி இருந்துச்சு?’ன்னு கேட்டா.”

“என்ன சொன்னீங்க?”

“உன்னை மாதிரியே இருந்துச்சுன்னேன். பொய் சார். எனக்கும் ஞாபகம் இல்லை. அதைக் கேட்டுட்டு அவ்வளவு சந்தோஷமாப் போனா. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை. அதுக்கப்புறமும் நாலு இப்படிப் பிறந்துச்சு. நாலோட முகமும் எங்கேயும் இல்லை.”

அவர் அவள் கேமராவை வாங்கினார். சத்தத்தை நிறுத்தும் இடத்தைக் காட்டினார். ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சம் பொம்மையின் கன்னத்தில் திரும்பி விழுகிற மாதிரி சாய்த்துக் காட்டினார். அவள் ஒரு படம் எடுத்தாள். ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை.

“என்னம்மா நீங்க” என்றார். “முதல்லயே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நானே வந்து எடுத்துக் கொடுத்திருப்பேனே.”

அவள் பொம்மையைத் துண்டோடு எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

“கேட்டேன் சார். ரெண்டு மாசம் முன்னாடி போன் பண்ணினேன். ‘நல்ல காரியத்துக்குப் போற கேமரா, அதுல இதையெல்லாம் எடுக்க முடியாது’ன்னு வெச்சுட்டீங்க. அதான், நாமளே கத்துக்கலாம்னு வந்தேன்.”