அறுபது விநாடித் தங்கம்

"படத்தைத் தர முடியாது, தம்பி" என்றார் மைக்ரோஸ்கோப் அறை மேடம், கறாராக.

ஆராய்ச்சி மாணவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையிலிருந்து வாயெல்லாம் பல்லாக இருந்தவன். மைக்ரோஸ்கோப்பில் தெளிவாகத் தெரிவதற்காக இழைகளுக்குத் தங்கப் பூச்சு கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் மனைவி ஃபோனில் கூப்பிட்டு, பாப்பா முதல்முறையாகக் குப்புற விழுந்த கதையைச் சொன்னாள். இப்போது திரையிலோ, தலைமுடியைவிட நூறு மடங்கு மெல்லிய டைட்டானியம் ஆக்சைடு இழைகள். ஒவ்வொன்றின் மேலும் பொடிப்பொடியாக மேடுகள்!

"இந்த மேட்டைத்தான் மேடம் ரெண்டு வருஷமா தேடுறேன்! வெள்ளிக்கிழமை ஆய்வறிக்கை கொடுக்கணும்."

"அது இழையோட மேடு இல்ல. மேல பூசின தங்கம். அளவுக்கு மீறி ஏறிடுச்சு. மூணு மணிக்குப் புது இழைத் துண்டோட வா."

"உங்க மெஷின் கோளாறுக்கு நான் அலையணுமா?"

"மூணு மணி" என்று திரையை அணைத்துவிட்டார் மேடம்.

சரியான சிடுமூஞ்சி! கேன்டீனில் பத்துப் பேரிடம் புலம்பியும் ஆத்திரம் அடங்கவில்லை. நேராகத் துறைத்தலைவரிடம் போய் நின்றான்.

"சார், அந்த அறைக்கு அவங்கதானே பொறுப்பு? அவங்க மெஷின் தங்கத்தை அப்பி வெச்சதுக்கு என்னை அலைய விடுறாங்க!"

"அவங்களே வந்து ஒத்துக்கிட்டுப் போயாச்சுப்பா" என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார் தலைவர்.

'தங்கம் பூசும்போது நேரத்தைக் கவனிக்கவில்லை. தவறு என்னுடையது.' கீழே மேடத்தின் கையெழுத்து.

"மாணவர் தப்பா இருந்தா, மறுபடி வரிசையில நின்னு உன் முறை வர ரெண்டு மாசமாகும். அவங்க தப்புங்கறதால இன்னிக்கே பார்த்துக்கலாம். பாவம், இத்தனை வருஷ சர்வீஸ்ல அவங்களுக்கு முதல் மெமோ."

"நான் சொன்னேன்ல சார்!"

மூன்று மணிக்கு, ஜெயித்துவிட்ட மிதப்பில் புதுத் துண்டோடு போய் நின்றான். மேடம் அதே கறாரோடு மேஜை டிராயரை இழுத்தார்.

"ஃபோனை இதுல போட்டுட்டு உள்ள போய்த் தங்கம் பூசு. அறுபது செகண்ட் ஆனதும் சுவிட்சை அணைச்சுடு."

"ஃபோன் எதுக்கு மேடம்?"

மேடத்தின் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"காலையில சுவிட்சைப் போட்டுட்டு நாலு நிமிஷம் பேசினியே தம்பி... பாப்பா எந்தப் பக்கமா குப்புற விழுந்தா?"