கியர் பெட்டிக்குள் மரத்தூள்

"இறங்குடா கீழ! இறங்கி வந்து நீ வித்த சாமானைப் பார்!"

ஆதம்பாவா போட்ட சத்தத்தில் துறைமுக வீதித் தேநீர்க் கடையில் இருந்தவர்கள் கிளாசும் கையுமாக டொமினிக்கின் கராஜ் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

பிக்கப்பின் முன்பக்கத்திலிருந்து றஊப் இறங்கினான். மூன்று நாளைக்கு முன் அந்தப் பழைய பிக்கப்பை ஆதம்பாவாவுக்கு விற்றவன் அவன்தான். சந்தையில் சிவனே என்று நின்றவனை ஆதம்பாவா சட்டையில் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"ஆதம்பாவா காக்கா, மரியாதையாக் கதைப்பம். ஆக்கள் பாக்கிறாங்க."

"பாக்கட்டும்! நல்லாப் பாக்கட்டும்! மூண்டாம் கியரைப் போட்டா அது தானாக் கழருது. ஏத்தத்தில மாடு மாதிரிக் கத்துது. நாளைக்கு விடிய நிலாவெளியில மீன் ஏத்தோணும். நான் போகாட்டி மீன் வாடிக்காரன் வேற வாகனம் பிடிச்சிருவான். பிறகு நானும் பொஞ்சாதி புள்ளைகளும் மண்ணையா தின்னுற?"

விஷயம் அதுதான். இருந்த சம்பள வேலையையும் விட்டுவிட்டு, கையில் இருந்ததையெல்லாம் இந்த ஒரு வாகனத்தில் போட்டிருந்தார் மனிதர். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மெக்கானிக் டொமினிக் பிக்கப்பை எடுத்துக்கொண்டு போய் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"கிளச்சில பிழையில்லை. பின் அச்சும் நல்லாத்தான் கிடக்கு. வருத்தம் கியர் பெட்டிக்குள்ளதான்."

"என்ன வருத்தம் எண்டு நான் சொல்லட்டா பாஸ்? உள்ளுக்க மரத்தூள் கிடக்கு! பல்லுத் தேஞ்ச பெட்டிக்குள்ள தூளைக் கொட்டினா கொஞ்ச நாளைக்குச் சத்தம் வராது. அதுக்குள்ள ஆர்ட தலையிலயாவது கட்டிடலாம்."

"திறக்காமலே சொல்லுறீங்களே காக்கா?" என்றார் டொமினிக்.

"இருபது வருஷமா ஸ்டியரிங் பிடிக்கிறன். இந்தக் கள்ளன்மாரிட கூத்து எனக்குத் தெரியாதா? எண்ணெயை இறக்கிப் பாருங்க!"

டொமினிக் வாகனத்துக்கு அடியில் போய்க் கியர் பெட்டியின் கீழ் ஆணியைக் கழற்றினார். எண்ணெய் வரவில்லை. கஞ்சி மாதிரிக் கொழகொழவென்று ஏதோ வந்து தகரத்தில் விழுந்தது. அதை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"மரத்தூள்தான்."

அவ்வளவுதான். ஆதம்பாவா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு றஊப்பின் மேல் பாய்ந்தார். நாலு பேர் நடுவில் விழுந்து தடுத்தார்கள்.

"வல்லாஹி எனக்குத் தெரியாது!" றஊப்புக்கும் இப்போது கண் சிவந்துவிட்டது. "என்ட பெட்டி உடைஞ்சுபோச்சு. போன மாசம்தான் பழைய இரும்புக் கடையில இதே இன வேன் ஒண்டிட பெட்டியை வாங்கி, திறந்தும் பாக்காம அப்படியே இதுல பூட்டினனான். புதுசுக்கு எங்க போற? இப்ப வெளிநாட்டில இருந்து ஒரு ஆணியாவது வருகுதா?"

"பொய்! வாயைத் திறந்தாப் பொய்! நீதாண்டா போட்டாய்!"

"நான் போட்டிருந்தா என்ட கை அழுகட்டும்! போட்டவன் ஆரோ, அவன்ட கை அழுகட்டும்!"

"அழுகட்டும்! புழுத்துப் போகட்டும்!" ஆதம்பாவா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "எல்லாரும் கேளுங்க. தூள் போட்டவன் எவனோ, அவன்தான் வேற பெட்டி தேடித் தரோணும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிய பள்ளி வாசல்ல நிண்டு, நான் கள்ளன் எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லோணும். சம்மதமாடா?"

"சம்மதம்!" என்றான் றஊப். "நூறு தரம் சம்மதம்!"

இவர்கள் கத்திக்கொண்டிருக்க, டொமினிக் கியர் பெட்டியின் மேல் மூடியைக் கழற்றிவிட்டார். எண்ணெய் கசியாமல் இருக்க மூடிக்கு அடியில் வைக்கிற பக்கிங் அவருடைய கையோடு உரிந்து வந்தது. கறுத்துப்போன அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கடையில வாங்கினது இல்லை. ஆரோ வீட்டில கிடந்ததை எடுத்துக் கத்தரிக்கோலால வெட்டியிருக்கிறான். எழுத்தும் கிடக்கு."

"எழுத்தா?" கோபம் கண்ணை மறைத்திருந்தது. ஆதம்பாவா அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "வாசியுங்க பாஸ்! ஊருக்கே கேக்கிற மாதிரி வாசியுங்க! பேர் இருந்தா இண்டைக்கே அவன்ட வீட்டு வாசலுக்குப் போறன். அவன்ட பொஞ்சாதி புள்ளைகளுக்கு முன்னால வச்சுக் கேக்கிறன்!"

டொமினிக் பெற்றோல் துணியால் அழுத்தித் துடைத்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"பள்ளிக்கூட றிப்போட் மட்டை. ஐஞ்சாம் வகுப்பு. கணிதம் பதினேழு. படிப்பில கவனம் போதாது எண்டு ரீச்சர் எழுதியிருக்கிறா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தேநீர்க் கடைக்காரர் புரைக்கேறி இருமினார்.

"தகப்பன் கள்ளன், புள்ளை மக்கு! வேற என்ன பிறக்கும்?" ஆதம்பாவா தொடையில் தட்டினார். "ஆர்ட புள்ளையாம் அது? சொல்லுங்க பாஸ், ஏன் நிப்பாட்டினீங்க? பேரைச் சொல்லுங்க!"

டொமினிக் மட்டையை ஆதம்பாவாவின் கையிலேயே கொடுத்துவிட்டார்.

மாணவியின் பெயர் ஆ. ஜெஸீமா என்று இருந்தது. தகப்பன் ஒப்பமிடும் இடத்தில், இரண்டு வருடத்துக்கு முன் தன்னுடைய ஓட்டை வேனை அவசர அவசரமாக விற்றுத் தள்ளுவதற்காகக் கியர் பெட்டிக்குள் மரத்தூளைக் கொட்டி, மகளின் றிப்போட்டை வெட்டி மூடிக்கு அடியில் வைத்த ஆதம்பாவாவின் கையெழுத்து இருந்தது.