இடுப்பில் இன்னொரு யூச்சின்

செங்டு நகரத்துத் தெங் குவாங்கின் சிறுநீரகம் அவருடைய இடுப்புப் பட்டையில் இருக்கிறது. உடம்பில் உப்பு கூடினால் அந்தச் செயற்கைச் சிறுநீரகம் திட்டும். மனைவி சொன்னால்தான் கேட்பார் என்று மருத்துவமனையில் யூச்சினின் குரலையே பதிந்து கொடுத்திருந்தார்கள்.

மாஜோங் ஆடும் நண்பர்களோடு ஹாட்பாட் கடையில் காரக்குழம்பைக் கிண்ணத்தோடு குடித்துவிட்டு வந்த நாளிலிருந்து யூச்சின் அவரோடு பேசவில்லை. உப்பில்லாத அரிசிக்கஞ்சியை வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒழுங்காகக் குடித்ததால் பட்டையும் பேசவில்லை.

நான்காம் நாள் காலையில் குவாங்கால் தாங்க முடியவில்லை. அலமாரி மேலிருந்த ஜாடியை இறக்கி, ஊறுகாய்த் துண்டு ஒன்றை வாயில் போட்டார்.

"ஏங்க, உடம்பைக் கொஞ்சம் பாத்துக்கக் கூடாதா?" என்றது பட்டை.

கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, இன்னொரு துண்டு எடுத்தார்.

சமையலறையிலிருந்து யூச்சின் கரண்டியோடு வந்தாள். "யோவ், துப்பு அதை. நான் என்ன இப்படியா கொஞ்சுவேன்? டாக்டர் பக்கத்துல நின்னாரேன்னு அன்னைக்கு மரியாதையாப் பேசினேன்."

குவாங் துப்பினார். "வேற எப்படித் திட்டுவே?"

யூச்சின் எதிரில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். அவள் முடிப்பதற்குள் குவாங் இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்திருந்தார்.