எழுபது சதவீதத் தள்ளுபடி

ரீக்காவின் கணவர் லுப்பர்ட் மூன்றாவது பூங்கொத்தையும் வாங்கி வந்துவிட்டார். வீட்டிலிருந்த ஜாடிகள் ஏற்கெனவே நிரம்பிவிட்டதால், வெள்ளை டியூலிப் பூக்கள் பால் காய்ச்சும் பாத்திரத்தில் நின்றன.

“மன்னிச்சிடு ரீக்கா,” என்றார், கோட்டைக்கூடக் கழற்றாமல்.

“அதைப் பத்திப் பேச்சே வேண்டாம்னு சொன்னேன்ல? போ, என் தங்கச்சி வீட்டு வேலிக்குப் பெயின்ட் அடிச்சுக் குடுத்துட்டு வா,” என்றாள் ரீக்கா. குரல் என்னவோ கறாராகத்தான் வந்தது. அவர் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. ஏனென்றால், தப்பு செய்தவள் அவள்தான்.

செவ்வாய்க்கிழமை, பரண் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. விடுமுறைக் கேரவன் வண்டியின் வாசலில் கட்டும் முன்கூடாரம், எழுபது சதவீதத் தள்ளுபடி, இன்று மட்டும். தெவெந்தர் ஊர்ச் சந்தையில் சீஸ் கடைக்காரனை அரை யூரோவாவது இறக்காமல் நகராத ரீக்காவுக்கு, எழுபது என்ற எண்ணைப் பார்த்ததும் ஆசை கண்ணை மறைத்துவிட்டது. அனுப்பியவர் யார் என்று பார்க்காமல் இணைப்பைத் திறந்தாள்.

திரை சிவந்தது. முப்பது வருட விடுமுறைப் படங்கள், மகள் கல்யாண வீடியோ எல்லாவற்றுக்கும் பூட்டு. சாவி வேண்டுமென்றால் பணம் கட்டு என்று மிரட்டல்.

“தெரியாதவன் அனுப்பினதைத் தொடாதே லுப்பர்ட்” என்று சாப்பாட்டு மேஜையில் வாரம் தவறாமல் வகுப்பெடுத்தவள் அவள். இப்போது எந்த முகத்தோடு சொல்வது? சரக்கு மட்டம் என்று தெரிந்த கடைக்காரன், வாங்கினவன் வாயைத் திறக்குமுன் தானே சத்தம் போட்டுவிடுவான். அதைத்தான் அவளும் செய்தாள்.

அன்று சாயங்காலம் சீட்டு கிளப்பிலிருந்து லுப்பர்ட் வந்ததும் இடுப்பில் கைவைத்து நின்றாள். “நீ பண்ணினதெல்லாம் எனக்குத் தெரிஞ்சு போச்சு!”

அவர் மறுப்பார், சண்டை வரும், அந்தக் கூச்சலில் தான் நழுவிவிடலாம் என்பது அவள் கணக்கு. அவரோ வெளிறிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பாத்துட்டியா?”

“பாத்துட்டேன்.”

“மன்னிச்சிடு ரீக்கா. புத்தி கெட்டுப் போச்சு.”

ரீக்காவுக்கே தூக்கிவாரிப் போட்டது. முழங்கால் வலியால் ஒரு மாதமாகப் பரண் ஏணிப் பக்கமே போகாத மனுஷன்! எப்போதோ அந்தக் கம்ப்யூட்டரில் திருட்டுத் தளத்தில் ஓசியாகக் கால்பந்து பார்த்ததன் வினை என்று நினைத்துவிட்டார் போல. மேற்கொண்டு பேசினால் குட்டு உடைந்துவிடும் என்று, “இனிமே இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது” என்று வாயை அடைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து மனுஷன் கழிப்பறை கழுவினார், ஜன்னல் துடைத்தார், சீட்டு கிளப்பை மறந்தார். காபியோடு ஒரு பிஸ்கட்டுக்கு மேல் பார்த்தறியாத வீட்டில், அவளுக்கு மட்டும் இரண்டு வைத்தார். அந்த இரண்டாவது பிஸ்கட்டை ஒவ்வொரு முறையும் அவள் டப்பாவிலேயே திருப்பிப் போட்டாள்.

லுப்பர்ட் வேலிக்குப் பெயின்ட் அடிக்கப் போன சமயம் பார்த்து, பக்கத்துத் தெருப் பெண் யோரீனை வரவழைத்தாள். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் அவள் தொழில்.

“வைரஸ்தானேம்மா?”

“இல்ல ஆன்ட்டி. வைரஸ்னா சளி மாதிரி, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குத் தானா தொத்தும். இது பரிசுப் பொட்டலம் மாதிரி வாசல்ல வந்து நிக்கும். நாமளேதான் கதவைத் திறந்து உள்ள விடணும்.”

“யார் விட்டாங்கன்னு தெரியுமா?”

“செவ்வாய்க்கிழமை மத்தியானம், கூடாரம் வாங்க ஆசைப்பட்டவங்க,” என்றாள் யோரீன், சிரிக்காமல்.

“பேரம் பேசினா பாதிக்கு வருவானா?”

“திருடன்கிட்டயா? முழுசாக் கட்டினாலும் சாவி வரும்னு நிச்சயம் இல்ல ஆன்ட்டி. நகல் ஏதாவது இருக்கா?”

மேஜை இழுப்பறையில் இருந்தது. கால் வலி வருவதற்கு முன் லுப்பர்ட் எல்லாவற்றையும் நகலெடுத்து, பழைய காலுறைக்குள் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த சின்ன டிஸ்க்.

“தப்பிச்சீங்க. இதைக் கழட்டாம மாட்டியே வெச்சிருந்தா இதையும் சேர்த்துப் பூட்டியிருக்கும். அங்கிள் கெட்டிக்காரர்.”

கம்ப்யூட்டரை முழுக்கத் துடைத்துவிட்டு, படங்களை மறுபடி ஏற்றினாள் யோரீன். “‘அப்டேட் பண்ணு’ன்னு அது கெஞ்சறப்பல்லாம் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிவிட்டிருக்கீங்க. இனிமே தானா நடக்கற மாதிரி வெச்சிருக்கேன். வேவு பாக்கற ரகமும் ஏதாவது ஒளிஞ்சிருக்கான்னு தேடினேன், இல்ல. கத்திக் காசு கேக்கறவனாவது பரவாயில்ல ஆன்ட்டி. சத்தமே போடாம வீட்டுக்குள்ள உக்காந்திருப்பான் பாருங்க, அவன்தான் ஆபத்து.”

தன்னைத்தான் சொல்கிறாளோ என்று ரீக்காவுக்குச் சுருக்கென்றது.

சாயங்காலம் லுப்பர்ட் சட்டையெல்லாம் பச்சைப் பெயின்ட்டோடு வந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை. உருளைக்கிழங்குக் கூடையை இழுத்துத் தோல் சீவ ஆரம்பித்தார். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

“கத்தியைக் கீழ வை லுப்பர்ட். நீ எந்தத் தப்பும் பண்ணலை.”

அவர் நிமிர்ந்தார்.

“எல்லாம் நான் பண்ணினது. தள்ளுபடிக்கு ஆசைப்பட்டுக் கம்ப்யூட்டருக்குள்ள அந்தச் சனியனை விட்டது நான். பழியைத் தூக்கி உன் மேல போட்டேன். நீயும் பாவம், மூணு நாளா செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டுக்கிட்டுத் திரியறே. நீதான் என்னை மன்னிக்கணும்.”

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் கையிலிருந்த கிழங்கு நழுவித் தரையில் உருண்டது. அதை எடுக்கக்கூட அவர் குனியவில்லை. லுப்பர்ட் மெல்லக் கேட்டார்:

“ஏன், கம்ப்யூட்டருக்கு என்ன ஆச்சு?”