இன்னும் சத்தமாப்பா!

"இன்னும் சத்தமாப்பா! தெருவுக்கே கேக்கணும்!"

கட்டிலில் சாய்ந்திருந்த சங்கிலிப்பாண்டி மூச்சை இழுத்துக்கொண்டார். இருபத்தெட்டு வருடம் கொச்சி மட்டாஞ்சேரித் தெருக்களில் துப்புரவுத் தொழிலாளிகளை விரட்டி வேலை வாங்கி, இந்த மே மாதக் கடைசியில் ஓய்வுபெறப் போகிற மேஸ்திரியின் தொண்டை அது. சர்க்கரை காலைத்தான் அரித்திருந்தது, குரலைத் தொடவில்லை.

"எனக்கு ஒரு நோயும் இல்ல! ஊசியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்! முப்பத்தொண்ணாந் தேதி நானே நடந்து ஆபீசுக்குப் போயி மாலை வாங்கிட்டு வருவேன்!"

"சபாஷ்!" என்று கைதட்டினான் மகன் பாண்டியராஜ். "இதே மாதிரி இன்னும் பத்துத் தடவ."

இந்த வித்தையை அவன் கற்றுவந்தது கலூரில், சிவசங்கரன் சாரின் தன்னம்பிக்கை வகுப்பில். மே மாத வேக்காட்டிலும் கோட்டு, டை சகிதம் மேடையேறும் சார், 'வாய் உரக்கச் சொன்னால் உடம்பு கேட்கும். மருந்தைத் தொட்டால் நோயை ஒப்புக்கொண்டதாக அர்த்தம்' என்று முழங்குவார். நடுநடுவே அவர் கோட்டுப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து மூக்கில் உறிஞ்சுவது முன்வரிசைக்கு மட்டும் தெரியும்.

முப்பத்திரண்டு வயதாகியும் வேலை கிடைக்காதவனுக்குத்தான் காலை பத்து மணி வகுப்புக்கெல்லாம் நேரம் இருக்கும். வகுப்புக்குப் போய்வந்த அன்றே அப்பாவின் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டான்.

பேச்சியம்மாளுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "கால் விரல் கறுத்துப் போச்சுடா. ஒரு எட்டு ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துருவோம்."

"நெகட்டிவாப் பேசாதம்மா. அப்பா காதுல விழுந்தா இத்தன நாள் சொன்னதெல்லாம் வீணாப் போயிரும்." சொல்லிக்கொண்டே ஒரு தலைவலி மாத்திரையைப் பிய்த்து, சாயாவோடு விழுங்கினான்.

"நீ மட்டும் முழுங்குத?"

"நான் இன்னும் கிளாஸ் முடிக்கலம்மா."

அடுத்த வீட்டு அம்பிளி சேச்சி ஜன்னல் வழியே இதையெல்லாம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பத்து மக்கள் வேண்டா பேச்சியம்மா. இங்ஙனெ ஒருத்தன் மதி." இப்படி ஒருத்தனே போதுமாம்.

இருபத்தைந்தாம் தேதி விக்கி வந்தான். மேஸ்திரியிடம் வேலை பார்த்த பிச்சுமணியின் மகன். அப்பன் வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்ச் சேர்ந்ததால், அதே ஆபீசில் போன வருடம் காக்கிச் சட்டை மாட்டியவன்.

"மேஸ்திரி, முப்பத்தொண்ணு சாயங்காலம் மூணு மணிக்கு சென்ட் ஆஃப் கேட்டோ. பொன்னாடை, மாலை, பருப்புவடை எல்லாம் உண்டு. நடக்க முடியலேன்னா நாங்க வீட்டுக்கே வந்துருவோம்."

"நான் வருவேம்லே!" என்று சங்கிலிப்பாண்டி போட்ட சத்தத்தில் விக்கி ஓரடி பின்வாங்கினான்.

பாண்டியராஜ் அவன் காக்கிச் சட்டையின் தோளைத் தடவிப் பார்த்தான். "நல்லாத் தச்சிருக்கான்டா."

இருபத்தெட்டாம் தேதி காய்ச்சல் கண்டது. கால் முழங்கால்வரை வீங்கியது. முப்பதாம் தேதி சங்கிலிப்பாண்டிக்கு நாக்கு புரளவில்லை. ஆனாலும் உதடு மட்டும், 'நானே நடந்து போவேன், மாலை வாங்குவேன்' என்று அசைந்துகொண்டேயிருந்தது.

பாண்டியராஜ் கட்டிலை விட்டு நகரவில்லை. சோறு வேண்டாம் என்றுவிட்டான். நிமிஷத்துக்கு ஒருதரம் அப்பாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தான். அந்தக் காட்சியைப் பார்த்து அழாத பெண்கள் அந்தத் தெருவில் இல்லை.

முப்பத்தொன்றாம் தேதி காலை சங்கிலிப்பாண்டி எழுந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, வெள்ள வேட்டிய எடு."

காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டி, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஆபீஸ் வாசலில் தாங்க வந்த கைகளையெல்லாம் தட்டிவிட்டு, பத்தடி தூரம் அவரே நடந்தார். கழுத்தில் மாலை விழுந்தது.

"எல்லாம் எம் மவன் சொல்லிக் குடுத்தது! வாய்விட்டுச் சொன்னா நடக்கும்!" என்று மைக் இல்லாமலே அவர் பேச, கைதட்டலில் கூரை அதிர்ந்தது. சுகாதார அதிகாரி அங்கேயே ஒரு துண்டுத்தாளில் சிவசங்கரன் சாரின் விலாசத்தைக் குறித்துக்கொண்டார். பாண்டியராஜ் மட்டும் கைதட்டாமல் விறைத்து நின்றான். பாவம், சந்தோஷத்தில் பிள்ளைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்றார்கள்.

ஜூன் ஒன்று. மழை பிடித்துக்கொண்டது. புதுக் குடைகளோடு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நேரத்தில் சங்கிலிப்பாண்டியின் மூச்சு நின்றது. ஆணியில் தொங்கிய மாலை இன்னும் வாடவில்லை.

பாண்டியராஜ் அப்பாவின் நெஞ்சில் விழுந்து இரண்டு கையாலும் அறைந்துகொண்டு அழுதான். பிடித்து விலக்கப் போன விக்கியை அம்பிளி சேச்சி தடுத்தாள். "விடு மோனே. அவன் வாய்விட்டுக் கரையட்டெ."

அவனும் வாய்விட்டான். அதுவும் மேஸ்திரி குரல்தான். தெருவுக்கே கேட்டது.

"நேத்து செத்திருந்தா உங்க வேல எனக்குல்லாப்பா கெடச்சிருக்கும்!"