குடித்தவன் இடப்பக்கம்

செப்டம்பர் 14, சனி. நேற்று மாலை மூன்றாம் முறை வந்ததை 'வாந்தி' என்று எழுதிவிட்டேன். 'கக்கல்' என்று இருக்க வேண்டுமோ என்னவோ. சரியாகப் பார்க்காமல் எழுதியது என் தவறு.

இவ்வளவையும் எழுதி மூடிய நோட்டை அவன் மறுபடி திறந்தான். குழந்தைகள் மருத்துவமனைக் கூடத்தில் பதினான்காம் டோக்கனைக் கூப்பிட்டார்கள். அவனுடையது இருபத்தாறு.

இரட்டைத் தள்ளுவண்டியின் கைப்பிடியை விட்டு அவன் நகரவே இல்லை. உள்ளே இரண்டு மாத இரட்டையர், ஒரே அச்சு. ஒருவனுக்கு இப்போதுதான் புட்டிப்பால் கொடுத்து, ஏப்பம் வரும்வரை தோளில் தட்டி, படுக்க வைத்திருந்தான். படுத்த கையோடு அந்தப் பிள்ளையின் வாயோரம் பால் வழிந்தது. பக்கத்தில் படுத்திருந்த மற்றவன் அழுது ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"மறுபடியுமா?" எதிர் பெஞ்சில் இருந்த மனைவி எழுந்து எட்டிப் பார்த்தாள்.

"இரு, மணி குறிச்சுக்கறேன். பன்னிரண்டு பத்து."

"முதல்ல துடைங்க. மணி எங்கயும் ஓடிடாது. நான் புட்டியைக் கழுவிட்டு வந்து இன்னொருத்தனுக்குக் குடுக்கறேன். நேத்து மதியத்திலேர்ந்து என்ன கச்சேரி பாருங்க! ராத்திரி மட்டும் சமர்த்தாத் தூங்கறான்."

"பகல்ல கோவம் வருது போல."

"உங்க வீட்டுக் கோவம். நேரம் காலமா வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சரக்குக் கிடங்கில் பெட்டிகளைச் சரிபார்ப்பது அவன் வேலை. நேற்று மதியம் விடுப்பு எடுத்து வீட்டுக்கு வந்தவன், முதல் காரியமாக ஒரு விதி போட்டான். குடித்தவன் இடப்பக்கம், குடிக்காதவன் வலப்பக்கம். தொட்டிலுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள்; அவன் ஒருவனுக்குப் புட்டி கொடுத்து முடித்தபின் அவள் மற்றவனுக்கு. இராத்திரியில் மட்டும் அவனைத் தூங்கச் சொல்லிவிட்டு அவளே இருவருக்கும் தாய்ப்பால் கொடுத்துவிடுவாள்.

மாலைக்குள் ஒருவன் ஐந்து முறை கக்கிவிட்டான். தன் மகனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்து வயிற்றில் ஆபரேஷன் வரை போனது என்று கூட வேலை செய்பவர் போனில் சொன்னார். அதிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எடை பார்க்கும் மேசையிலிருந்து வயதான நர்ஸ் ஒருவர் எழுந்து வந்தார்.

"என்ன தம்பி, பரீட்சை எழுதறீங்களா?"

"வாந்திக் கணக்கு, சிஸ்டர்."

"வாந்தின்னு யாரு சொன்னா? பால் வழிஞ்சு வருதா, பீய்ச்சி அடிக்குதா?"

"வழியுது. ஏப்பத்தோட."

"வயித்தை எக்கிக்கிட்டு, திணறி அழுதுகிட்டு வருதா?"

"இல்ல. கக்கிட்டுச் சிரிக்கறான்."

"பச்சையா? ரத்தம் கலந்து?"

அவன் நோட்டைப் புரட்டினான். "வெள்ளைதான், சிஸ்டர். நாலு தடவை தயிர் மாதிரி, ஒரு தடவை அப்படியே பால்."

"ஒண்ணுக்குப் போறானா?"

"நேத்து எட்டு தடவை."

"இன்னொருத்தன்?"

அவன் பேனா நின்றது. "அவன் நல்லாத்தானே இருக்கான்... எண்ணலை."

நர்ஸ் வாய் துடைத்த பிள்ளையின் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். "இது கக்கல். வாந்தின்னா தூரப் போய் விழும். புள்ள வாடித் துவண்டு போயிடும். இவன் தொந்தி தள்ளிக்கிட்டு ஜமீந்தார் மாதிரி படுத்திருக்கான். டாக்டரும் பார்க்கட்டும். எனக்கென்னவோ அளவுக்கு மேல குடிக்கறான்னு படுது."

"அளவுக்கு மேலயா?" அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நூறு மில்லி, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அதுக்கு மேல ஒரு சொட்டு குடுத்ததில்ல. எல்லாம் இதுல இருக்கு."

சொல்லிவிட்டு, எட்டு முறை என்பது சரிதானா என்ற சந்தேகத்தில் நோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான். ஒருவேளை ஏழாக இருந்தால்? ஒருமுறை எழுதியதையே இரண்டாம் முறையும் எழுதியிருந்தால்?

அதற்குள் மனைவி புட்டியோடு திரும்பி வந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். வண்டியை எட்டிப் பார்த்து, வலப்பக்கம் இருந்தவனை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மற்றவன் கால் உதைத்துக் கத்தினான்.

"உஷ், நீ ஏண்டா போட்டிக்கு வரே?" என்று அதட்டினாள்.

"பேசாம இருடா கண்ணா, இன்னும் குடுத்தா மறுபடி கக்குவே" என்றான் அவன், தலையைத் தூக்காமலே.

"இரும்மா, இரு!" நர்ஸ் சட்டென்று குனிந்து புட்டியைப் பிடித்துக்கொண்டார். வண்டியில் கத்திக்கொண்டிருந்தவனைத் தூக்கி, அந்தப் புட்டியை அவன் வாயில் வைத்தார். பிள்ளை கவ்விய கவ்வலில் கூடமே அமைதியாகிவிட்டது.

"ஐயோ சிஸ்டர், அவன் குடிச்சாச்சு!" மனைவி பதறினாள். "வலப்பக்கத்துல இருந்தவன்தான் குடிக்கலை. நான் சரியா பார்த்துத்தான் எடுத்தேன்."

"இதுல தப்பே வராது, சிஸ்டர்" என்று அவன் வண்டிக் கைப்பிடியைத் தட்டிக் காட்டினான். "குடிச்சவனை நானே என் கையால இடப்பக்கம் படுக்க வெச்சேன்."

நர்ஸ் கைப்பிடிக்குப் பின்னால் நின்ற அவனைப் பார்த்தார். வண்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தார்.

"நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் ஒரே பக்கமா உட்காருங்க. உங்க இடதுதான்யா அவங்களுக்கு வலது!"